மயில் தோகையில் மெழுகு

பூசி மெழுகத் தெரிந்த நிர்வாகங்கள் இந்த நாட்டில் ஏராளம். பூசிய மெழுகைத் தானே முன்வந்து சுரண்டி எடுத்த நிர்வாகம் ஒன்றே ஒன்றுதான். அது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் எங்கள் கம்பெனி. வரலாற்றாசிரியர்கள் இந்தப் பக்கம் அதிகம் வருவதில்லை. வந்தாலும் ராமானுஜர் கோயிலோடு திரும்பிவிடுகிறார்கள். ஆகவே, மனிதவளப் பிரிவின் உதவி மேலாளர் என்ற முறையில் அவர்கள் வேலையை நானே செய்யவேண்டியிருக்கிறது.

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களைப் பற்றி அப்புறம் சொல்லலாம். எங்கள் கம்பெனியிலும் அதுதான் வரிசை.

எங்கள் பொது மேலாளர் ஏகாம்பரநாதன் சாருக்குக் கம்பெனி கொடுத்த கார் 'சாம்ராட்'. நல்ல கறுப்பு. பின்கதவில் தோகை விரித்த மயில் ஒன்று, குரோமியத்தில் பளபளக்கும். அதன் கீழே ஆங்கில எழுத்துகளில் காரின் பெயர். தோகையில் கண் கண்ணாக, வரி வரியாக அத்தனை வேலைப்பாடு. அதை வரைந்தவர் மகா கலைஞர். அவர் தம் வாழ்நாளில் ஒரு முறைகூடக் கார் துடைத்திருக்க மாட்டார்.

துடைப்பவர் டிரைவர் முனிரத்தினம். வெள்ளிக்கிழமை தவறாமல் காரைக் குளிப்பாட்டி, மெழுகு பாலிஷ் போடுவார். பானெட்டில் போட்டதையும் கதவில் போட்டதையும் துணியால் தேய்த்து எடுத்துவிடுவார். தோகை இடுக்கில் போனதை எடுக்க விரல் நுழையாது. அது அங்கேயே காய்ந்து வெளுக்கும். அடுத்த வெள்ளிக்கிழமை அதன் மேல் இன்னொரு பூச்சு. இப்படியே சில வருஷங்களில் அது விபூதிக் காப்பு சாத்திய மயிலாகிவிட்டது. யாரும் குறையாக நினைக்கவில்லை. டிசைனே அப்படித்தான் என்று நினைத்தவர்களும் உண்டு.

இனி மனிதர்கள். ரப்பர் பட்டை மெஷினிலிருந்து சூடாக வரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்க வெள்ளைப் பவுடர் தூவவேண்டும். தூவுவது பெண்கள். தூவும் இடத்துக்குப் பெயர் 'பவுடர் ரூம்'. வெளிநாடுகளில் சீமாட்டிகள் முகம் திருத்திக்கொள்ளப் போகும் அறைக்கும் இதே பெயர்தானாம். ஆனால் அவர்களுக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கிறது. எங்கள் பெண்களுக்கு ஷிஃப்ட் முழுக்கக் கிடைக்கிறது. வேலை அதிகமிருந்தால் ஓ.டி.யிலும் கிடைக்கும்.

அந்த அறையின் பவுடரை வெளியே இழுத்துத் தள்ளச் சுவரில் பெரிய மின்விசிறி ஒன்று உண்டு. அது விசிறியின் கடமைகளில் சுற்றுவதை மட்டும் நிறுத்தியிருந்தது. மற்றபடி இடத்தை விட்டு நகரவில்லை.

இதைச் சொல்ல என்னிடம் வந்தவர் செந்தாமரை. குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிற அம்மாள். பவுடர் ரூமில் எல்லாருக்கும் மூத்தவர். விஷயம் பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னேன். மறுபடி வந்தார். 'சிறப்புப் பரிசீலனை'க்கு உயர்த்தினேன். மறுபடியும் வந்தபோது 'தீவிரப் பரிசீலனை' கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு விஷயத்துக்குப் பதவி உயர்வு கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை.

ஆனால் நான் சும்மா இருந்துவிடவில்லை. சென்னையிலிருந்து ஒரு 'சுவாசப் பயிற்சியாளரை' வரவழைத்தேன். 'ஆழ்ந்த மூச்சு, ஆனந்த உற்பத்தி' என்று முகாமுக்குப் பெயர். உற்பத்தி லைனை நிறுத்தமுடியாது என்பதால் முகாம் பவுடர் ரூமிலேயே நடந்தது. அவர் கண்ணை மூடி, எல்லாரும் என்னைப் போலச் செய்யுங்கள் என்று சொல்லி, நெஞ்சு விரிய ஒரு மூச்சை உள்ளே இழுத்தார். மிச்ச முகாமை வெளியே தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி சைகையால் நடத்தினார். பெண்கள் அவருக்கு முதுகு தடவிவிட்டு, வெந்நீர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டார்கள். தொழிலாளர்களுக்கும் பயிற்சியாளருக்கும் இப்படியொரு நெருக்கத்தை நான் வேறெந்த முகாமிலும் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனியிலிருந்து ஒரு வெளிநாட்டு அதிகாரி வந்தார். கூடவே மொழிபெயர்ப்பாளராக சண்முகப்ரியா என்ற பெண். பவுடர் ரூமையும் பார்ப்பதாகத் திட்டம். போர்ட்டிகோவில் சாரின் கார் நின்றிருந்தது. அதிகாரி அதன் பின்னால் குனிந்தார். மயில் தோகைக்குள் நகத்தை விட்டார். வெளியே எடுத்து, நகத்தில் ஒட்டிய வெள்ளையைப் பார்த்து, ஏதோ சொன்னார்.

"இது என்னன்னு கேக்கறார்" என்றாள் சண்முகப்ரியா.

சார் என்னைப் பார்த்தார், நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அதிகாரி கைக்குட்டையில் நகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு பேச்சு வேறு பக்கம் போய், நேரமாகி, பவுடர் ரூமைப் பார்க்காமலே கிளம்பிவிட்டார். அடுத்த மாதம் மறுபடி வருவதாக மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அவசரக் கூட்டம். கதவு ரப்பர் ஏற்றுமதி பாதியாகக் குறைந்தபோதுகூட அவ்வளவு பேர் அந்த அறையில் கூடியதில்லை. சார் எழுந்து நின்று பேசினார். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, இது சின்னத்தின் விஷயம் என்றார். சிலேடை என்று புரிந்தவர்கள் கைதட்டினார்கள். புரியாதவர்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். அந்த இடத்திலேயே 'சின்னக் குழு' உதயமானது. தலைவர் தரக்கட்டுப்பாட்டு மேலாளர் ஜெகதீஷ். நான் செயலாளர்.

ஜெகதீஷ் உடனே ஐந்து 'ஏன்' முறையைக் கையாண்டார். எந்தக் குறைக்கும் ஐந்து முறை ஏன் என்று கேட்டால் வேர் தெரிந்துவிடும் என்பது தொழிற்சாலைச் சாஸ்திரம். மயில் ஏன் வெள்ளையாக இருக்கிறது? மெழுகு. ஏன் மெழுகு? முனிரத்தினம் பூசுகிறார். ஏன் பூசுகிறார்? கார் பளபளக்க. கார் ஏன் பளபளக்கவேண்டும்? சாருடைய கார். ஐந்தாவது ஏனை யாரும் கேட்கவில்லை. சார் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார்.

பழைய மெழுகை எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. முதலில் முனிரத்தினம் ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினார். மெழுகு அப்படியே இருந்தது. மயிலின் கழுத்தில் ஒரு கீறல் விழுந்தது. அடுத்து, சூட்டுக்கு மெழுகு உருகும் என்ற விஞ்ஞான உண்மையின்படி ஜெகதீஷ் லைனிலிருந்து ஹாட் ஏர் கன்னைக் கொண்டுவந்து சூடான காற்றைக் காட்டினார். மெழுகு உருகத்தான் செய்தது. எழுத்துகளை ஒட்டியிருந்த பசையும் அதே விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்டது. அது தெரியாமல் சார் ஒரகடத்தில் ஒரு மீட்டிங்குக்குப் புறப்பட்டுப் போனார். வழியில் 'சாம்ராட்' என்ற ஆங்கில எழுத்துகளில் முதல் மூன்றும் உதிர்ந்துவிட்டன. மிஞ்சிய மூன்றும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் எலி. சார் முதுகில் எலி என்று எழுதிக்கொண்டு ஒரகடம் முழுக்கப் போய்வந்தார். திரும்பி வந்தபோது கேட்டில் செக்யூரிட்டி வழக்கம்போல விறைப்பாகச் சல்யூட் அடித்தார். ஆனால் வண்டி கடந்து போன பிறகு வெகுநேரம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்ததாகக் கேள்வி.

புது எழுத்துகள் வந்தன. இந்த முறை ஜெகதீஷ் செல்போனில் வீடியோக்களைப் பார்த்து முழுமையாகத் தயாரானார். வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ. குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷ். காது குடையும் பஞ்சுக் குச்சி. அதுவும் நுழையாத இடத்துக்கு, மெல்லிய துணி சுற்றிய பல் குத்தும் குச்சி. அவர் டை கட்டியபடியே போர்ட்டிகோவில் முட்டி போட்டார். வெயில் பட்டால் ஷாம்பூ காய்ந்து அதுவே வெள்ளையாகிவிடும் என்பதால், மயிலுக்கு சார் தம் கையாலேயே குடை பிடித்தார். நான் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு கண்ணாக, ஒவ்வொரு வரியாக, பிறந்த குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல அந்த வேலை நடந்தது. மதியத்துக்குள் மயில் கண்ணைத் திறந்தது. முடிவில் பாதுகாப்புக்காக அதன் மேல் லேசாகப் புது மெழுகு ஒரு கோட் போட்டோம்.

அன்று மதியமே நான் இன்னொரு சுத்திகரிப்பையும் முடித்தேன். பவுடர் ரூமில் ஜாஸ்மின் என்று ஒரு பெண். மண்ணூர்க்காரி. கான்ட்ராக்டில் வேலை. விசிறி நின்றதிலிருந்து அவளுக்கு இருமல். அதுவும் போர்ட்டிகோ வரை கேட்கிற இருமல். வெளிநாட்டு அதிகாரி மறுபடி வரும்போது அது அவர் காதில் விழுந்தால், இது என்ன என்று சண்முகப்ரியா மூலமாகக் கேட்பார். எனவே அவளைக் கூப்பிட்டு, இருமல் நின்றதும் வேலைக்கு வந்தால் போதும் என்று கனிவாகச் சொன்னேன். இதற்கு 'விருப்ப ஓய்வு' என்று பெயர். விருப்பம் எங்களுடையது, ஓய்வு அவளுடையது. இருமல் நிற்காவிட்டால் என்ன செய்வது சார் என்று கேட்டாள். நேர்மறையாகச் சிந்திக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் செந்தாமரை வந்து ஜாஸ்மின் எங்கே என்று விசாரித்தார். விளக்கினேன். அந்த அம்மாள் ஜன்னல் வழியாகப் போர்ட்டிகோவைப் பார்த்தார். அங்கே முனிரத்தினம் மயிலுக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று மாலையிலிருந்து எங்கள் கம்பெனியில் பக்தி பெருகிற்று. ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்குப் போகும் பவுடர் ரூம் பெண்கள், வரிசையாக வந்து சாரின் கார் மயிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். என்ன விசேஷம் என்று செந்தாமரையைக் கேட்டேன்.

"மயிலு சார். முருகன் வாகனம். குன்றத்தூர் மலை ஏறிப் பாக்க எங்க நேரம் கீது? அதான் இங்கயே கும்புட்டுக்கினு போறோம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகனின் வாகனம், சாரின் வாகனத்தில். கிறிஸ்தவப் பெண்களும் வரிசையில் நின்று தொட்டுவிட்டுப் போனதைப் பார்த்து, மத நல்லிணக்கத்துக்குச் சான்றாகக் கம்பெனி பத்திரிகைக்குப் போட்டோ எடுத்துக்கொண்டேன். கை கழுவக்கூட நிற்காமல் வேலையிலிருந்து நேராக ஓடி வந்தார்கள். அப்படி ஒரு பக்தி.

ஆனால் பாருங்கள், காலையில் மயில் மறுபடி வெள்ளையாக இருந்தது. ஜெகதீஷ் பிரஷ்ஷும் குச்சியுமாக மறுபடி முட்டி போட்டார். அடுத்த நாள் காலையிலும் வெள்ளை. சந்தேகம் முனிரத்தினத்தின் மேல் விழுந்தது. வேலையை விட்டே அனுப்பிவிடுவதாகச் சார் சொன்னார். முனிரத்தினம் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார். மாலையில் காருக்குப் பக்கத்திலேதானே இருக்கிறாய், யாராவது ஏதாவது பூசினார்களா என்று நான் கேட்டதற்கு, "நான் முன்சீட்ல குந்திக்கினு இருப்பேன் சார். பின்னால நடக்கறது எனக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் மனைவியின் தங்கையும் பவுடர் ரூமில்தான் வேலை செய்கிறாள். ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சின்னக் குழு கருதவில்லை.

கடைசியில் ஜெகதீஷ் மயிலிலிருந்து கொஞ்சம் வெள்ளையை வழித்து லேபுக்குக் கொண்டுபோனார். வந்த முடிவு எங்களை உலுக்கிவிட்டது. அது மெழுகே இல்லை. புது மெழுகின் பசையில் வந்து ஒட்டியிருப்பது எங்கள் சொந்தப் பவுடர்.

"நம்ம பவுடர் என் கார் மேல எப்படிப்பா வந்துச்சு?" என்று கேட்டார் சார்.

ஜெகதீஷ் பலகையில் காற்றின் திசையை அம்புக்குறிகளாக வரைந்து விளக்கினார். பவுடர் ரூம் விசிறி ஓடவில்லை. ஆகவே பவுடர் இழுக்கப்படாமல் அறைக்குள்ளேயே மிதக்கிறது. மிதந்து, கதவு வழியாக வெளியேறி, காற்றில் மைதானம் தாண்டி, போர்ட்டிகோவுக்குள் திரும்பி, மயில் மேல் உட்காருகிறது. அம்புகள் ஓரிடத்தில் காற்றுக்கு எதிராகவே போயின. ஆனால் யாருக்கும் அதைக் கேட்கும் மனநிலை இல்லை. இவ்வளவு பவுடர் காற்றில் இருந்தால் அந்த மயில் என்னத்துக்கு ஆகும் என்று சார் வருந்தினார். கூட்டமே வருந்தியது. கதவு வழியாக வெளியே வந்ததே இவ்வளவு என்றால், கதவுக்கு உள்ளே எவ்வளவு என்ற கேள்வி எழவில்லை. அது சின்னக் குழுவின் வரம்புக்குள் வராது.

அதன் பிறகு நடந்த வேகத்தை நான் எந்த நிர்வாகத்திலும் பார்த்ததில்லை. மாதக்கணக்கில் என் தீவிரப் பரிசீலனையில் கிடந்த விஷயம் அந்த வாரமே முடிந்தது. செத்த விசிறியை இறக்கிவிட்டுப் புது விசிறிகள் போட்டார்கள். தூசியை உறிஞ்சும் பெரிய மெஷின் ஒன்றும் வந்தது. அதன் மேல் 'வாகனச் சின்னப் பாதுகாப்புத் திட்டம்' என்று பித்தளைப் பலகை பொருத்தினோம். விசிறி சுற்றத் தொடங்கிய அன்று மயிலைத் தொட ஒரு பெண்ணும் வரவில்லை. ஏன் கும்பிடுவதை விட்டுவிட்டீர்கள் என்று செந்தாமரையைக் கேட்டேன். வேண்டுதல் பாதி பலித்துவிட்டது என்றார். மீதி என்ன என்று நான் கேட்கவில்லை. பிரார்த்தனை அவரவர் சொந்த விஷயம்.

வெளிநாட்டு அதிகாரி சொன்னபடி வந்தார். அவர் கையாலேயே திறப்பு விழா என்று ஏற்பாடு. முதலில் காரிடம் போனார். தோகைக்குள் நகத்தை விட்டு எடுத்துப் பார்த்தார். நகம் சுத்தமாக இருந்தது. அவர் சிரித்தார். சார் சிரித்தார். ஜெகதீஷ் அழுதேவிட்டார்.

பிறகு பவுடர் ரூம் வாசலில் ரிப்பன் வெட்டி, பேச்சுகள். தொழிலாளர் சார்பில் இரண்டு வரி பேசச் செந்தாமரையைத் தயார் செய்திருந்தேன். நிர்வாகத்துக்கு நன்றி என்பது முதல் வரி. எங்கள் உழைப்பு மேலும் பெருகும் என்பது இரண்டாவது. அந்த அம்மாள் இரண்டையும் பிசகில்லாமல் சொன்னார். சொல்லிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"விசிறி நல்லா ஓடுது சார்" என்று ஆரம்பித்தார். "மயிலு மேல பவுடர் பட்டதாலதான் ஓடுது. எங்க மேல எம்மாம் நாளா பட்டுச்சி, ஒண்ணும் ஓடல."

சண்முகப்ரியா ஒவ்வொரு வரியாக அதிகாரியின் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். நிறுத்து என்று நான் அவளுக்குக் கையைக் காட்டினேன். அவள் அதையும் மொழிபெயர்த்துவிட்டாள்.

செந்தாமரை சாரைப் பார்த்துத் திரும்பினார்.

"எங்க கூட ஜாஸ்மினுன்னு ஒரு பொண்ணு வேலை செஞ்சிக்கினு இருந்திச்சி. இருமுறான்னு அனுப்சிட்டீங்க. இன்னும் இருமிக்கினுதான் கீது. வூடு இங்க மண்ணூர்லதான். நீங்க பெரிய மனசு பண்ணி, இந்தக் காரை ஒருநாள் அது வூட்டாண்ட நிறுத்தணும் சார். அது இருமுறது மயிலு மேல பட்டுச்சின்னா, நீங்களே டாக்டரைக் கூட்டியாந்துடுவீங்க."

பெண்கள் சிரிக்கவில்லை. அதிகாரி முகத்தில் மட்டும் முதலில் ஒரு சிரிப்பு வந்தது. மொழிபெயர்ப்பு முடியும்போது அது இல்லை. அவர் சாரிடம் ஏதோ கேட்டார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்கன்னு கேக்கறார்" என்றாள் சண்முகப்ரியா.

விருப்ப ஓய்வு பற்றி விளக்க நான் வாயைத் திறந்தேன். மொழிபெயர்க்கத் தயாராக அவள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டேன். அதிகாரி பவுடர் ரூமுக்குள் தனியாக நடந்து போய், விசிறியைப் பார்க்காமல், பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்தார். வந்து சாரிடம் நாலைந்து வார்த்தை சொன்னார். சண்முகப்ரியா அதை மெதுவாக சாருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். சாரின் முகம் பழைய மெழுகின் நிறத்துக்கு வந்தது.

அன்று மதியமே சாம்ராட் மண்ணூருக்குப் போனது. கம்பெனி சார்பில் நானும் போனேன். ஜாஸ்மினை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நெஞ்சில் பவுடர் நிறையப் போயிருக்கிறது, மருந்து சாப்பிடவேண்டும், அந்த அறைப் பக்கமே இனிப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆறு மாதம் மருத்துவத்துக்குப் பிறகு அவளுக்கு ஸ்டோர்ஸில் வேலை கொடுத்தோம். கான்ட்ராக்டிலிருந்து பெர்மனென்டுக்கும் மாற்றினோம். அதிகாரி வருகிறபோதெல்லாம் முதலில் அவளைத்தான் விசாரிக்கிறார் என்பதால், அவள் விஷயத்தில் எந்தப் பரிசீலனையும் தேவைப்படவில்லை.

அந்த மண்ணூர்ப் பயணத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். எங்கள் நிர்வாகம் தொழிலாளர்களை எப்படி உருவாக்கியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

கார் மெயின் ரோட்டில் ஏறியதும் ஜாஸ்மினுக்கு இருமல் வந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அவசர அவசரமாக ஜன்னலை இறக்கி, தலையை வெளியே நீட்டி இருமினாள். வெகுநேரம் இருமினாள். முனிரத்தினம் வண்டியை ஓரம் கட்டினார். இருமி முடித்ததும் அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் திரும்பி, காருக்கு ஒன்றும் ஆகாதே சார் என்று பயந்து கேட்டாள்.

நெஞ்சு அடைக்கிற நேரத்திலும் கம்பெனிச் சொத்தை நினைக்கும் அந்தப் பொறுப்பையும், அந்த இருமலையும் அவளுக்குக் கொடுத்தது எங்கள் கம்பெனிதான். ஆண்டறிக்கையில் பொறுப்பை மட்டும் சேர்த்திருக்கிறோம்.